லேசர் கட்டருக்குச் சிவப்புக் குறிகோடு பொருத்தும் முறை

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு கே40 லேசர் கட்டர் இருக்கிறது. வார நாள்களில் துணி போர்த்தி மூடியிருக்கும். சனி, ஞாயிறுகளில் வீட்டுப் பெயர்ப்பலகை, கொலுப்படி அலங்காரச் சட்டம், கோல அச்சு என்று ஏதாவது ஒன்று அதில் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு அல்சூரிலிருந்து ஒரு பெரியவர் தம் வீட்டுப் பெயர்ப்பலகையைக் கொண்டுவந்தார். 12 மி.மீ. கனத் தேக்கு. வீட்டின் பெயர் கன்னடத்தில் முன்பே பொறிக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் மெல்லிய கரை ஓடியது. கன்னட எழுத்துகளுக்கும் கீழ்க்கரைக்கும் இடையே இருந்த சிறிய இடத்தில் அதே பெயரைத் தமிழிலும் பொறித்துத் தர வேண்டும் என்று கேட்டார். கட்டரின் தலையில், அதாவது லென்ஸைத் தாங்கி மேடைக்கு மேலே நகரும் பகுதியில், நான் அப்போது பொருத்தியிருந்த சிவப்புப் புள்ளி விளக்கை நம்பி, தொடங்க வேண்டிய இடத்தில் புள்ளியை நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன். முடிந்த பிறகு பலகையை எடுத்துப் பார்த்த அவர், “தம்பி, ‘ழ’வோட கால் கரையில இடிக்குதே” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதே எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அளந்து பார்த்தபோது எழுத்து வரிசை 1.8 மி.மீ. கீழே இறங்கியிருந்தது. பிழை எங்கே நேர்ந்தது என்று தேடியதில்தான், சிவப்புப் புள்ளியைப் பொருத்துவதில் பெரும்பாலோர் பொருட்படுத்தாத வடிவக்கணக்கு ஒன்று எனக்கு விளங்கியது. அந்தக் கணக்கையும், அதனால் வரும் பிழையைத் தவிர்க்க இரண்டு குறிகோடுகளைப் பொருத்தும் முறையையும் இங்கே எழுதுகிறேன். கே40 போன்ற கார்பன் டை ஆக்சைடு லேசர் கட்டர் வைத்திருப்பவர்களுக்கும், சால்டரிங் இரும்பையும் மல்டிமீட்டரையும் கையாளத் தெரிந்தவர்களுக்கும் இது பயன்படும்.

ஏன் தனியாக ஓர் ஒளி வேண்டியிருக்கிறது

கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாது. நம் கண் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைத்தான் காணும். இந்தக் கதிரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அகச்சிவப்புப் பகுதியில் வெகுதொலைவில் இருக்கிற கதிர் இது. 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இந்த வகை லேசரை உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் என்பதை, எங்கள் மாடியறைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு. கண்ணுக்குத் தெரியாத கதிர் எந்த இடத்தில் விழப்போகிறது என்பதைக் காட்டுவதற்காகவே, அதே இடத்தில் விழும்படி கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி ஒன்றைச் சேர்க்கிறோம். புதுப் பலகையில் வெட்டும்போது இது இல்லாமலும் சமாளிக்கலாம். முன்பே வேலை செய்யப்பட்ட பொருளில், ஏற்கெனவே உள்ள கோட்டுக்கோ எழுத்துக்கோ பொருந்தும்படி வேலை செய்ய வேண்டுமென்றால் இது இல்லாமல் முடியாது.

ஒற்றைப் புள்ளியின் கணக்கு

பெரும்பாலோர் செய்வது இதுதான்: 650 நானோமீட்டர் சிவப்பு டையோடு மாடியூல் ஒன்றைத் தலையின் பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்தி, அதன் புள்ளி லேசர் சுடும் இடத்தில் விழும்படி திருப்பி வைப்பார்கள். நானும் அதையே செய்திருந்தேன். தலைக்குப் பின்புறம், லேசர் கதிரிலிருந்து 30 மி.மீ. தள்ளி, வெட்டும் பரப்பிலிருந்து 50 மி.மீ. உயரத்தில் என் விளக்கு இருந்தது. அப்படியானால் பரப்பு 50 மி.மீ. இறங்கினால் சிவப்பு ஒளி 30 மி.மீ. விலகும், அதாவது உயரம் 1 மி.மீ. மாறினால் புள்ளி 0.6 மி.மீ. நகரும். 9 மி.மீ. பிளைவுட்டை வைத்து நான் புள்ளியைச் சரிசெய்திருந்தேன். தேக்குப் பலகை 12 மி.மீ. மேடையை 3 மி.மீ. இறக்காமலே வேலையைத் தொடங்கிவிட்டேன். மூன்றை 0.6ஆல் பெருக்கினால் 1.8 மி.மீ. பரப்பு உயர்ந்ததால் புள்ளி விளக்கின் பக்கம், அதாவது பின்பக்கம் விலகி விழுந்தது. அந்தப் புள்ளியை நான் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியதால் உண்மையான கதிர் அந்த அளவுக்கு முன்னே தள்ளிச் சுட்டது. ‘ழ’வின் கால் கரையில் இடித்தது இதனால்தான்.

ஒவ்வொரு முறையும் மேடையை ஏற்றி இறக்கி, லென்ஸிலிருந்து பரப்பு வரை ஒரே தொலைவு இருக்கும்படி பார்த்துக்கொள்பவருக்கு ஒற்றைப் புள்ளி போதும். ஆனால் கே40 பொறியுடன் வரும் மேடை பெரும்பாலும் அசையாத மேடை. மேலும், 6 மி.மீ. பிளைவுட்டை வெட்டும்போது குவியத்தை மேற்பரப்பில் வைக்காமல் கனத்தின் நடுவில் வைக்கும் வழக்கமும் உண்டு. அப்போதும் புள்ளி விலகிவிடும்.

விளக்கை லேசர் கதிருக்கு இணையாகச் செங்குத்தாகப் பொருத்திவிட்டு, இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை லைட்பர்ன் போன்ற மென்பொருளில் விலகல் அளவாக எழுதிவைப்பது இன்னொரு வழி. உயரம் மாறினாலும் இதில் பிழை வராது. ஆனால் புள்ளி காட்டும் இடமும் தலை நிற்கும் இடமும் வேறாகவே இருக்கும் என்பதால் கையால் தலையை நகர்த்தி வேலை செய்பவர்களுக்கு இது ஒத்துவராது.

மூன்றாவது, பெரிய தொழிற்சாலைப் பொறிகளில் உள்ள முறை: லேசர் குழாய்க்கும் முதல் கண்ணாடிக்கும் இடையே 45 பாகைச் சாய்வில் ஒரு ஜிங்க் செலினைடு தட்டை வைத்து, அகச்சிவப்புக் கதிரை ஊடுருவ விட்டு, பக்கத்திலிருந்து வரும் சிவப்பு ஒளியை அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்பச் செய்து, இரண்டையும் ஒரே பாதையில் அனுப்புவது. கேட்க மிக அழகான முறை. ஆனால் சிவப்புக் கதிரும் அகச்சிவப்புக் கதிரும் பாதை முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும்படி சரிசெய்ய மிகுந்த பொறுமை வேண்டும். தலையிலுள்ள லென்ஸும் ஜிங்க் செலினைடால் ஆனதுதான்; அது அகச்சிவப்பைவிடச் சிவப்பு ஒளியைக் கூடுதலாக வளைக்கும் என்பதால், 50.8 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸில் சிவப்பு ஒளியின் குவியம் சுமார் 6 மி.மீ. மேலேயே அமைந்துவிடுகிறது, எனவே பரப்பில் விழும் புள்ளி சற்று மங்கலாகவே இருக்கும். இதற்காகக் குழாய் இருக்கும் பெட்டியையும் திறக்க வேண்டும். அங்கே 15,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கிறது. வீட்டில் வைத்துச் செய்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்

புள்ளிக்குப் பதிலாகக் கோடு வரையும் சிவப்பு மாடியூல்கள் இரண்டை வைத்தால் உயரச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. கோடு வரையும் மாடியூலிலிருந்து வெளிவருவது ஒளியாலான ஒரு தகடு. அது பலகையில் படும் இடம் நமக்குக் கோடாகத் தெரிகிறது. அந்த ஒளித்தகட்டை ஒரு கதவாகவும், லேசர் கதிரை அந்தக் கதவின் கீல் கம்பியாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். கதவை எந்த உயரத்தில் குறுக்காக அறுத்தாலும் அறுத்த விளிம்பில் கீல் கம்பி இருக்கத்தான் செய்யும். அதேபோல், ஒளித்தகடு லேசர் கதிரைத் தனக்குள் கொண்டிருந்தால், பரப்பு எந்த உயரத்தில் இருந்தாலும் சிவப்புக் கோடு லேசர் சுடும் புள்ளியைக் கடந்தே செல்லும். ஒரே கீல் கம்பியில் இரண்டு கதவுகளை மாட்டினால் அவை சந்திக்கும் இடம் கீல் கம்பி மட்டும்தான். ஆகவே, இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே, எந்த உயரத்திலும், லேசர் சுடும் இடம்.

இந்தப் பொருத்தத்தில் நாம் செய்யும் சரிசெய்தல் முழுவதும், இரண்டு ஒளித்தகடுகளும் லேசர் கதிரைத் தமக்குள் கொண்டிருக்கும்படி செய்வதற்காகத்தான்.

வாங்க வேண்டியவை

பெங்களூருவில் இருப்பவர்களுக்கு எஸ்.பி. ரோடு போதும். அங்குள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் “5 வோல்ட் லைன் லேசர் மாடியூல், ரெட்” என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பல கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். இரண்டும் ஒரே அளவில், ஒரே வகையில் இருக்கட்டும். முன்பக்க வளையத்தைத் திருகிக் கோட்டை மெல்லியதாக்கக்கூடிய மாடியூலாகக் கேளுங்கள். கடையிலேயே மின்சாரம் கொடுத்து, ஒரு சாண் தொலைவில் வெள்ளைத் தாளில் கோடு மெலிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. 635 நானோமீட்டர் மாடியூல் கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் வாங்குங்கள். ஒரே திறனில் 650ஐவிட 635 நம் கண்ணுக்கு ஏறத்தாழ இரு மடங்கு பிரகாசமாகத் தெரியும். திறன் 5 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

இவற்றுடன், மெல்லிய சிலிகான் உறை மின்கம்பி இரண்டு மீட்டர், ஒரு சிறிய சுவிட்ச், பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜர், ஹீட் ஷ்ரிங்க் குழாய், எம்3 போல்ட்டுகளும் நட்டுகளும், 3 மி.மீ. அக்ரிலிக் துண்டு, மாஸ்கிங் டேப், வெர்னியர் காலிப்பர். அவ்வளவுதான்.

கை வைக்கும் முன்

பொறியின் மூன்று ஊசிப் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டே உள்ளே கை வையுங்கள். குழாயும் அதன் உயர் மின்னழுத்தக் கம்பியும் இருக்கும் பின்பெட்டியைத் திறக்க வேண்டிய தேவையே இந்த வேலையில் இல்லை, திறக்காதீர்கள். பொறியின் இரும்புச் சட்டத்துக்கும் பிளக்கின் எர்த் ஊசிக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பாருங்கள். ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாயிண்டரை, அதாவது இந்தக் குறியொளியை, மறந்துவிட்டு முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது, குழாயிலிருந்து லேசர் கதிரைத் திருப்பித் திருப்பித் தலைக்குக் கொண்டுவரும் மூன்று கண்ணாடிகள். தலைக்குள் கதிர் நுழையும் துளையின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, தலையை மேடையின் நான்கு மூலைகளுக்கும் கொண்டுசென்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு கணம் சுட்டுப் பாருங்கள். நான்கு தீய்ந்த குறிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். பிறகு கதிர் தலையிலிருந்து செங்குத்தாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த வழி, 10 மி.மீ. கனமுள்ள தெளிந்த அக்ரிலிக் துண்டை மேடையில் வைத்து, காற்றுக் குழாயை ஓடவிட்டு, தீப்பற்றுகிறதா என்று கவனித்தபடியே சில வினாடிகள் சுடுவது. அக்ரிலிக்கின் உள்ளே கதிர் துளைத்த வழி ஒரு வெண்ணிறக் கூம்பாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து ஒரு மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் அது நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே புலப்படும். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் இருமுறை பாருங்கள். சாய்ந்திருந்தால் தலையிலுள்ள மூன்றாம் கண்ணாடியைச் சரிசெய்த பிறகே மேலே செல்ல வேண்டும். பாயிண்டரை முதலில் பொருத்திவிட்டுக் கண்ணாடியைப் பின்னர் தொட்டால் அத்தனை வேலையையும் மறுபடி செய்ய நேரிடும்.

தாங்கியை அந்தப் பொறியிலேயே வெட்டலாம்

லென்ஸ் இருக்கும் குழலின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, அதைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வளையத்தை அக்ரிலிக்கில் வெட்டுங்கள். வளையத்தின் ஓரிடத்தில் பிளவு விட்டு, அந்தப் பிளவை எம்3 போல்ட் ஒன்றால் இறுக்கும்படி அமைத்தால் குழலில் கீறல் விழாமல் பிடித்துக்கொள்ளும். வளையத்திலிருந்து இரண்டு கைகள் புறப்பட வேண்டும்: ஒன்று உங்களை நோக்கி முன்புறமாக, மற்றொன்று வலப்புறமாக. இடப்புறம் வேண்டாம், ஏனெனில் கே40இல் கதிர் இடப்புறத்திலிருந்துதான் தலைக்கு வருகிறது. ஒவ்வொரு கையின் நுனியிலும் மாடியூலைப் பிடிக்கும் சிறு துண்டை ஒரே ஒரு போல்ட்டால் இணையுங்கள். அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் மாடியூல் சாய்ந்து நிமிர வேண்டும்.

துளையின் அளவில் கவனம் வேண்டும். லேசர் வெட்டும்போது கதிரின் அகலம் அளவுக்குப் பொருள் ஆவியாகிவிடுகிறது. என் பொறியில் அது ஏறத்தாழ 0.2 மி.மீ. எனவே 12 மி.மீ. மாடியூலுக்கு 11.8 மி.மீ. துளையை வரைந்தால்தான் கையால் திருப்பும்போது இறுக்கமாகச் சுழலும் துளை கிடைக்கிறது. இந்தச் சுழற்சி நமக்குப் பின்னர் மிகவும் தேவைப்படும், எனவே முதலில் ஒரு கழிவுத் துண்டில் இரண்டு மூன்று அளவுகளை வெட்டி மாடியூலைச் செருகிப் பார்த்துவிடுங்கள். முப்பரிமாண அச்சில் தாங்கியைச் செய்பவர்கள் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கைத் தவிர்க்கலாம், சுமார் 60 பாகை வெப்பத்திலேயே அது இளகத் தொடங்கிவிடும்.

காற்று ஊதும் நீண்ட கூம்பு முனை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கூம்பின் நுனி பரப்புக்கு மிக அருகில் இருப்பதால், மாடியூல் உயரத்தில் இருந்தால் கூம்பின் நிழல் சரியாக வெட்டும் புள்ளியிலேயே விழுந்து கோட்டை மறைத்துவிடும். அவர்கள் தாங்கியின் கைகளை நீளமாக வெட்டி, மாடியூலைத் தாழ்வாகவும் தள்ளியும் வைக்க வேண்டும்.

மின் இணைப்பு

இந்த மாடியூல்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளேயே ஒரு மின்தடை இருப்பதால் 5 வோல்ட்டை நேராகக் கொடுக்கலாம். சிவப்புக் கம்பி நேர்முனை, நீலமோ கறுப்போ எதிர்முனை. பொறியில் மோட்டார்களுக்கு வரும் 24 வோல்ட்டைத் தவறிக் கொடுத்தால் அந்தக் கணமே டையோடு இறந்துவிடும். பொறியின் மின்பெட்டியில் 5 வோல்ட்டும் வருகிறது என்றாலும் நான் அதைத் தொடுவதில்லை. அதே பெட்டிதான் உயர் மின்னழுத்தத்தையும் உண்டாக்குகிறது என்பதால் தனி சார்ஜரே நிம்மதி. இரண்டு மாடியூல்களையும் பக்க இணைப்பில் இணைத்து, இடையில் சுவிட்சை வையுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று இங்கே உண்டு. மாடியூலின் பித்தளைக் கூடு வெறும் கூடு அன்று. பல மாடியூல்களில் அது மின்முனைகளில் ஒன்றோடு இணைந்திருக்கும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி அளவில் வைத்து ஒரு முனையைக் கூட்டிலும் மறுமுனையைக் கம்பிகளிலும் தொட்டுப் பாருங்கள். நான் வாங்கிய இரண்டிலும் சிவப்புக் கம்பியில் தொட்டபோது மீட்டர் ஒலித்தது. அதாவது கூடு முழுவதும் நேர்முனை. அது எர்த் செய்யப்பட்ட தலையின் அலுமினியத்தில் பட்டால் ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு. அக்ரிலிக் தாங்கி இதைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்றாலும், மாடியூலின் பின்பாதிக்கு ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டிச் சுருக்கிவிடுங்கள்.

கம்பியைத் தலையிலிருந்து வலப்புறமாகப் பின்சுவருக்குக் கொண்டுபோய், தளர்வு விட்டுக் கட்டுங்கள். மின்சாரம் இல்லாத நிலையில் தலையைக் கையால் நான்கு மூலைகளுக்கும் தள்ளிப் பார்த்து, கம்பி எங்கும் இழுபடாமலும், தலைக்கு இடப்புறத்திலுள்ள கதிர்ப்பாதையில் ஒருபோதும் தொங்காமலும் இருப்பதை உறுதிசெய்யுங்கள். அந்தப் பாதையில் ஒரு கம்பி தொங்கினால் அடுத்த வெட்டில் அதன் உறை தீப்பற்றும்.

கோடுகளை நிலைநிறுத்துதல்

இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். முதலில் ஒழுங்கு ஒன்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்: மூடியைத் திறந்து கையை உள்ளே நீட்டும் ஒவ்வொரு முறையும் முகப்பிலுள்ள லேசர் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், சுடும் ஒவ்வொரு முறையும் மூடி மூடியிருக்க வேண்டும். மூடியின் பாதுகாப்பு சுவிட்சை எக்காரணம் கொண்டும் ஏமாற்றி வைக்காதீர்கள். அக்ரிலிக் மூடி அகச்சிவப்புக் கதிரைத் தடுத்துவிடும்; ஆனால் சிவப்புக் குறியொளி அதன் வழியே தாராளமாக வெளியே வரும் என்பதால், மூடி இருக்கிறதே என்று மாடியூலுக்கு நேரே குனிந்து பார்க்கவும் கூடாது. 5 மில்லிவாட் வரையுள்ள ஒளி பன்னாட்டுத் தரத்தில் 3ஆர் வகுப்பு. கண்ணுக்குள் நேராகப் படவிடக் கூடாத வகுப்பு அது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இதை மறக்காதீர்கள்.

3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) துண்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, குவியத் தொலைவில் மேடையில் வைத்து, பொறியின் முகப்பிலுள்ள மீட்டர் 4, 5 மில்லி ஆம்பியர் காட்டும் அளவுக்கு லேசரின் திறனைக் குறைத்து, சோதனைப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டுங்கள். டேப்பில் ஊசி குத்தியதுபோல் ஒரு கறுப்புக் குறி விழும். இனித் தலையை நகர்த்தாதீர்கள். முன்புற மாடியூலை மட்டும் எரியவிட்டு, அதன் கோடு முன்பின்னாக ஓடும்படி துளையில் சுழற்றி, பிறகு கோட்டின் நடுப்பகுதி அந்தக் குறியின்மேல் வரும்படி தாங்கியின் கையையும் போல்ட்டையும் அசைத்துத் திருப்புங்கள். ஏதோ ஒரு பகுதி பட்டால் போதாது, நடுப்பகுதியே பட வேண்டும். இதன் காரணம் அடுத்த படியில் தெரியும்.

இப்போது மேலும் மூன்று எம்.டி.எஃப். துண்டுகளை அடுக்கிப் பரப்பை 9 மி.மீ. உயர்த்தி, டேப் ஒட்டி, மறுபடி ஒரு தட்டு. குவியத்திலிருந்து விலகியிருப்பதால் இம்முறை சுமார் 1 மி.மீ. அகலமுள்ள பழுப்பு வட்டம் விழும். அதன் நடுவையே புள்ளியாகக் கொள்ளுங்கள். சிவப்புக் கோடு அந்த நடுவைக் கடந்து சென்றால் வேலை முடிந்தது. பெரும்பாலும் முதல் முறையில் அப்படி அமையாது; கோடு அரை மில்லிமீட்டரோ ஒன்றோ விலகி ஓடும். கீழே சரியாகவும் மேலே விலகியும் இருப்பதன் பொருள், நம் கதவு கீல் கம்பியோடு ஒட்டாமல் சாய்ந்திருக்கிறது என்பதே. அதைச் சரிசெய்ய மாடியூலைத் தன் துளைக்குள்ளேயே, சாவியைத் திருப்புவதுபோல், மயிரிழை அளவு சுழற்ற வேண்டும். கோட்டின் நடுப்பகுதியைக் கீழ்க்குறியில் வைத்திருந்தோம் அல்லவா? மாடியூலைச் சுழற்றும்போது கோடு அந்த நடுவை அச்சாகக் கொண்டுதான் திரும்பும். ஆகவே கீழ்க்குறியை இழக்காமல் மேற்குறியை மட்டும் பிடிக்க முடிகிறது. கோடு மேலும் கீழும் ஒரே அளவுக்கு, ஒரே பக்கம் விலகியிருந்தால் மட்டும் சுழற்றாமல் மாடியூலையே அந்த அளவுக்குப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை என்று மாறி மாறிப் பார்த்தால் மூன்றாவது, நான்காவது சுற்றில் இரண்டு உயரத்திலும் கோடு குறியின்மேல் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் புதிய டேப்பில் புதிதாகச் சுட வேண்டும். துண்டுகளை எடுத்து வைக்கும்போது பழைய குறி இடம் மாறியிருக்கும். எனக்கு முன்புற மாடியூலுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, வலப்புறத்துக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வலப்புற மாடியூலின் கோடு இடவலமாக ஓட வேண்டும் என்பதைத் தவிர வேறுபாடு இல்லை. இரண்டும் முடிந்தபின் இரண்டையும் எரியவிட்டு, 3, 6, 9, 12 மி.மீ. உயரங்களில் ஒவ்வொரு குறி சுட்டுப் பாருங்கள். சிவப்புச் சிலுவையின் நடுவே அந்தக் கறுப்புக் குறி நான்கு உயரத்திலும் அமர்ந்திருப்பதைக் காண்பது மனத்துக்கு நிறைவான காட்சி.

பிறகு போல்ட்டுகளை இறுக்குங்கள். இறுக்கும்போதே சற்று நகரும் என்பதால் இறுக்கிய பின் இன்னொரு முறை சரிபாருங்கள். மாடியூலும் தாங்கியும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் போதும். அதிர்வில் அசையாது, மறுபடி திருப்ப வேண்டியிருந்தால் நகத்தாலேயே பெயர்த்துவிடலாம். மாடியூல் என்றாவது அசைந்தால் பூச்சில் விரிசல் தெரியும் என்பதால் அதுவே ஓர் அடையாளமாகவும் இருக்கிறது.

வேலையில் பயன்படுத்தும்போது

கோடு மிகுந்த பிரகாசமாக இருந்தால் தடித்துத் தெரியும். நடு எது என்று கண் தடுமாறும். சார்ஜருக்கும் மாடியூலுக்கும் இடையே மின்னழுத்தத்தைக் குறைக்கும் சிறு பலகை ஒன்றைச் சேர்த்து, 5 வோல்ட்டிலிருந்து சிறிது சிறிதாக இறக்கினால் கோடு மெலியும். ஓரளவுக்குக் கீழே போனால் லேசர் ஒளியே அணைந்து வெறும் மங்கல் சிவப்பு மட்டும் எஞ்சும். அதற்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தெளிந்த அக்ரிலிக்கில் கோடு ஊடுருவிக் கீழே மேடையில் தெரியும், அதை நம்பினால் இடம் தவறும். அக்ரிலிக்கின் மேலுள்ள காப்புத்தாளை உரிக்காமல் வைத்திருங்கள், அல்லது குறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் டேப் ஒட்டுங்கள். ஈட்டி மரம் போன்ற கருமரங்களிலும் சிவப்பு அக்ரிலிக்கிலும் கோடு மங்கும். அங்கும் ஒரு துண்டு வெள்ளை டேப் கை கொடுக்கும். கண்ணாடி போல் பளபளக்கும் அக்ரிலிக்கை வைக்கும்போது மட்டும், ஒளி திரும்பி முகத்தில் அடிக்கும் என்பதால், மூடியைத் திறக்கும் முன்பே குறிகோட்டை அணைத்துவிடுங்கள்.

பெயர்ப்பலகை போன்ற வேலையில் நான் செய்வது இது. பலகையின் கரையில் இரண்டு மூலைகளைத் தேர்ந்து, தலையை முதல் மூலைக்குக் கொண்டுபோய்ச் சிலுவையின் நடுவை அதில் நிறுத்துவேன். பிறகு இடவலமாக மட்டும் நகர்த்தி இரண்டாம் மூலைக்கு வரும்போது சிலுவை அங்கும் கரையின் மேலேயே நிற்கிறதா என்று பார்ப்பேன். நிற்கவில்லை என்றால் பலகை கோணலாக இருக்கிறது. அதைத் திருப்பி வைப்பேன். அதன் பிறகே மென்பொருளில் வேலையின் எல்லைக்கட்டத்தைச் சுடாமல் சுற்றிவரச் செய்து, எழுத்துகள் கரைக்குள் அடங்குகின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குவேன். அல்சூர்ப் பெரியவருக்குப் புதிய தேக்குப் பலகை வாங்கி, கன்னடம், தமிழ் இரண்டையும் புதிதாகப் பொறித்துக் கொடுத்தபோது ‘ழ’வின் காலுக்கும் கரைக்கும் இடையே 4 மி.மீ. இடைவெளி இருந்தது.

புகை படிந்து மாடியூலின் முன்கண்ணாடி மங்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். துடைக்கும்போது வளையம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேசர் கண்ணாடிகளைக் கழற்றித் துடைத்த நாளிலும், லென்ஸை மாற்றிய நாளிலும், பொறியை இடம் மாற்றி வைத்த நாளிலும், இரண்டு உயரத்தில் இரண்டு குறி சுட்டுச் சரிபார்த்துவிட்டே அடுத்தவர் பொருளை மேடையில் வைக்க வேண்டும்.